ரிங்கை அல்ல, பள்ளத்தை அளக்க வேண்டும்: பழைய கார் எஞ்சினின் சிறு ரப்பர் பாகங்களை அடையாளம் காணுதல்

சென்னை பிராட்வேயிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் பேரிங், ஆயில் சீல், பெல்ட் விற்கும் கடைகளின் முன் சிறிது நேரம் நின்றால் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காணலாம். ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, எண்ணெய் ஊறிய கறுப்பு வளையம் ஒன்றைக் கவுண்டரில் வைத்து, "இதே சைஸ்ல ஒண்ணு குடுங்க" என்பார். கடைக்காரர் டப்பாக்களைத் துழாவி, பழையதையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, "இது வரும்" என்று கொடுத்துவிடுவார். தண்ணீர்க் குழாய்க்கு இந்த முறை போதும். நாற்பது, ஐம்பது ஆண்டு ஓடிய கார் எஞ்சினுக்குப் போதாது. கடைக்காரரின் மேல் குற்றமில்லை. அவர் முன் வைக்கப்பட்ட சாட்சியே நம்பத்தகாதது.

"ரப்பர்னா ரப்பர்தான், சைஸ் சரியா இருந்தா போதும்" என்ற பேச்சு கார் ரிப்பேர் ஷெட்டுகளில் பரவலாக இருக்கிறது. இதில் இரண்டு பிழைகள் உள்ளன. ரப்பர் என்பது ஒரே பொருளன்று என்பது முதலாவது. பழைய துண்டின் சைஸ், அது செய்யப்பட்டபோது இருந்த சைஸ் அன்று என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் புரிந்துகொண்டால், கிடைக்கவே கிடைக்காது என்று கைவிட்ட பாகங்களில் பலவற்றைப் பாரிமுனையைத் தாண்டாமலேயே வாங்கிவிடலாம்.

எஞ்சினில் ரப்பர் எங்கெங்கே இருக்கிறது

அம்பாசடர் காரின் 1489 சி.சி. எஞ்சினை எடுத்துக்கொள்வோம். மேலே எஞ்சினின் மூடியான ராக்கர் கவரைப் பிடித்திருக்கும் நட்டுகளுக்குக் கீழே, குழிந்த வாஷருக்கு அடியில், ரப்பர் புஷ் இருக்கும். உள்ளே ஒவ்வொரு வால்வின் தண்டிலும் பட்டாணியை விடச் சற்றே பெரிய ஒரு சிறு வளையம் உண்டு. பெட்ரோல் பம்ப்புக்குள் டயாபிரம் என்னும் மெல்லிய சவ்வு இருக்கிறது. இவற்றோடு பெட்ரோல் ஹோஸ்களும் தண்ணீர் ஹோஸ்களும் உண்டு. பழைய எஞ்சின்களில் எல்லாமே ரப்பர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்: ராக்கர் கவருக்கு அடியில் கார்க் கேஸ்கெட், சில இடங்களில் கம்பளி போன்ற ஃபெல்ட் என்று வேறு பொருள்களும் இருக்கும். ரப்பர் இருந்த இடமா என்று உறுதிசெய்வதுதான் தேடலின் தொடக்கம்.

ரப்பர் என்பது ஒரு வலை

காசிமேட்டில் வலை பின்னுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு ரப்பரை விளக்குவது எளிது. வெறும் நூல்களை ஒரு குவியலாகப் போட்டால், இழுத்த பக்கமெல்லாம் வரும், திரும்பப் பழைய வடிவத்துக்கு வராது. அதே நூல்களை ஆங்காங்கே முடிச்சிட்டால் அது வலையாகிவிடும். இழுத்தால் விரியும், ஆனால் உதிர்ந்து போகாது. மரத்திலிருந்து வரும் பாலை உறையவைத்துக் கிடைக்கும் பச்சை ரப்பர் முதல் வகை: வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். அதனுடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால், நீண்ட இழைகளுக்கு இடையே கந்தகம் முடிச்சுகளைப் போடுகிறது. இதற்கு வல்கனைசேஷன் என்று பெயர். அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் இதற்கு 1844இல் காப்புரிமை பெற்றார். இன்று செயற்கை ரப்பர்களிலும் இதே வேலைதான், கந்தகத்தாலோ வேறு பொருளாலோ, நடக்கிறது.

முடிச்சு விழுந்த ரப்பருக்கு இரண்டு நோய்கள் வரும். வெப்பமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஆண்டுக்கணக்கில் தாக்கும்போது, பல ரப்பர்களில் புதிய முடிச்சுகள் விழுந்துகொண்டே போகும். வலை இறுகி, கடைசியில் அப்பளம்போல் நொறுங்கும். வீட்டுக் குக்கரின் கேஸ்கெட் விறைத்துப் போவதும் இந்த வழியில்தான். மற்றொரு நோய், பொருந்தாத எண்ணெயோ பெட்ரோலோ வலைக்குள் புகுந்துகொள்வது. முடிச்சுகள் இருப்பதால் ரப்பர் கரைந்துவிடாது. ஆனால் கண்கள் விரிந்து, துண்டு பருத்து, கொழகொழவென்றாகும். இதை ஊதல் என்று இங்கே அழைப்போம்.

சுருக்கமாக: காய்ந்த ரப்பர் சுருங்கி விறைக்கும், பொருந்தாத திரவத்தில் கிடந்த ரப்பர் ஊதிப் பருக்கும். இரண்டுமே அளவை மாற்றும்.

எந்த ரப்பர் எதற்கு ஆகாது

இரட்டைச் சடைக்குப் போட்ட ரப்பர் பேண்ட், தேங்காய் எண்ணெய் பட்டுப் பட்டு ஒரு மாதத்தில் தொளதொளத்து அறுந்துபோவதைப் பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஊதிய பலூனின் மேல் ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தால் பட்டென்று வெடிக்கும். தோலிலுள்ள எண்ணெய் இயற்கை ரப்பரைத் தாக்குவதே காரணம். ஒன்றுக்கொன்று இயல்பில் ஒத்த பொருள்கள் எளிதில் கலக்கும். எஞ்சின் ஆயிலும் பெட்ரோலும் இயற்கை ரப்பரும் ஓரளவு ஒரே இயல்பின, ஆகவே ஆயில் ரப்பருக்குள் நுழைந்துவிடுகிறது.

இதைத் தடுக்கவே நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் வந்தது. அதன் இழையில் ஆயிலோடு ஒட்டாத இயல்புள்ள பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறது. கடைகளில் "ஆயில் ரப்பர்" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஆயிலைத் தாங்கும், ஆனால் 100 டிகிரி செல்சியசுக்கு மேல் நெடுங்காலம் வைத்தால் விறைக்கும். ஃப்ளோரோ ரப்பர் என்ற வகை, வணிகப் பெயரில் விட்டான், ஆயில், பெட்ரோல் இரண்டையும் தாங்குவதோடு ஏறத்தாழ 200 டிகிரி வரை நிற்கும், விலையும் அதற்கேற்ப. ஈ.பி.டி.எம். என்ற வகை வெந்நீருக்கும் வெயிலுக்கும் மிக நல்லது. ஆகவே ரேடியேட்டர் ஹோஸ்களுக்கு ஏற்றது. ஆயில் பட்டால் அது ஊதி வீணாகிவிடும். சிலிக்கோன் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் எளிதில் கிழியும், பெட்ரோலுக்கு ஆகாது.

எஞ்சினை விட்டு ஒரு அடி நகர்ந்து ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் திரவம் பெட்ரோலிய ஆயில் அன்று. டாட் 3, டாட் 4 வகைகள் கிளைகால் சார்ந்தவை. அங்கே விதி தலைகீழ்: நைட்ரைல் ஊதும், ஈ.பி.டி.எம். நிற்கும். "ஆயில் ரப்பர்தானே" என்று எஞ்சினுக்கு வாங்கிய ரிங்கைப் பிரேக்கில் போடுவது உயிரோடு விளையாடுவது.

நிறத்தை நம்பக் கூடாது. கறுப்பு என்பது ரப்பரின் வலுவுக்காகச் சேர்க்கும் கரித்தூளின் நிறம். மேலே சொன்ன எல்லா வகைகளும் கறுப்பில் கிடைக்கின்றன. பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் விலை கூடிய வகைகளுக்குப் போடப்படும் நிறங்கள் என்றாலும், அதை உறுதியாகச் சொல்லும் பொதுவிதி எதுவும் கிடையாது.

எனவே பாகத்தைத் தேடுமுன் அது எந்தத் திரவத்தைத் தொடுகிறது, எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்ற இரு கேள்விகளுக்கும் விடை தெரிய வேண்டும். விடை துண்டில் இல்லை, அது உட்கார்ந்திருந்த இடத்தில் இருக்கிறது.

என் கையைச் சுட்ட எட்டு வளையங்கள்

ராயபுரத்தில் ஒரு ஷெட்டில் விட்டிருந்த எங்கள் அம்பாசடர், காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகையை அள்ளி வீசும். ஐந்து நிமிடத்தில் அது அடங்கிவிடும். இந்த அடையாளம் வால்வு தண்டைக் காட்டுகிறது. இரவெல்லாம் எஞ்சின் நின்றிருக்கும்போது மேலிருக்கும் ஆயில் தண்டு வழியே இறங்கிச் சிலிண்டரில் சொட்டியிருக்கும். காலையில் அது எரிகிறது. வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றியபோது எட்டு வால்வுகளிலும் இருந்த சிறு ரப்பர் வளையங்களில் ஏழு நகம் பட்டதும் தூளாயின. ஒன்றே ஒன்று முழுதாக வந்தது. அதைப் பொட்டலம் கட்டிக் கடைக்குக் கொண்டுபோய், சைஸ் பார்த்து எட்டு வளையங்கள் வாங்கி வந்தேன். கச்சிதமாகப் பொருந்தின. சில வாரங்களில் புகை முன்பைவிட மோசமானது. மறுபடி திறந்தால், வளையங்கள் கொழுத்த புழுக்களைப்போல் ஊதி, இரண்டு அறுந்து கிடந்தன. அவை தண்ணீர்க் குழாய்க்கான வளையங்கள். நான் சொன்னது சைஸ் மட்டும். கொடுத்தவர் பார்த்ததும் சைஸ் மட்டும்.

அந்த ஷெட்டில் இருந்த வயதான மெக்கானிக் பாய் கோபப்படவில்லை. ஊதிய வளையத்தை விரலால் நசுக்கிக்கொண்டே சொன்னார்: "பள்ளத்த அளந்துகினு போ சார். ரிங்க அளந்தா ரிங்கு பொய் சொல்லும்."

பழைய வளையம் ஏன் பொய் சொல்கிறது

ஓ ரிங் என்பது குறுக்கே வெட்டினால் வட்டமாகத் தெரியும் வளையம். டென்மார்க்கிலிருந்து அமெரிக்கா சென்ற நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1939இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இது வேலை செய்யும் விதம் எளியது. வளையம் உட்காருவதற்காக உலோகத்தில் உள்ள பள்ளம், வளையத்தின் தடிமனைவிடச் சற்று ஆழம் குறைவாக வெட்டப்பட்டிருக்கும். மூடும்போது வளையம் நசுங்கும். நசுங்கிய ரப்பர் திரும்ப விரிய முயலும் விசையே கசிவை அடைக்கிறது. பஸ்ஸில் மூவர் சீட்டில் நால்வர் உட்கார்ந்தால் இடையில் காற்றுக்கூடப் போகாது அல்லவா, அந்த நெருக்கம்தான்.

பல ஆண்டுகள் சூட்டில் நசுங்கியே கிடந்த ரப்பர், விடுவித்த பின்னும் பழைய வடிவத்துக்கு வராது. வட்டமாக இருந்த குறுக்குவெட்டு சப்பையாகிவிடும். இதை நிரந்தரச் சப்பை என்று சொல்லலாம். இந்தச் சப்பைத் துண்டை வெர்னியர் என்ற நுண்ணிய அளவுகோலில் அளந்து அதே தடிமனுக்கு வாங்கினால், புதிய வளையம் பள்ளத்தில் அழகாக உட்காரும்; நசுங்காது; ஆகவே கசியும். "டைட்டாக இருக்கிறது, இது தப்பு" என்று நாம் ஒதுக்கிய வளையமே பெரும்பாலும் சரியானதாக இருக்கும்.

பள்ளத்தை அளப்பது

உலோகம் ஊதாது, சப்பையாகாது. ஆகவே அளவை அதனிடம் கேட்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: ஒரு தண்டில் வெட்டிய பள்ளத்தின் அடிவிட்டம் 22.6 மி.மீ.; அந்தத் தண்டு நுழையும் துளையின் விட்டம் 27.0 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 4.4, அதில் பாதி, அதாவது 2.2 மி.மீ., ரப்பருக்குக் கிடைக்கும் இடம். அசையாத இடத்தில் வளையம் தன் தடிமனில் சுமார் 15 முதல் 25 விழுக்காடு வரை நசுங்கினால் நல்லது. 2.62 மி.மீ. தடிமனுள்ள வளையம் இங்கே 16 விழுக்காடு நசுங்கும். 3 மி.மீ. வளையம் போட்டால் 27 விழுக்காடு. உள்ளே தள்ளும்போதே அறுபட வாய்ப்புண்டு. வளையத்தின் உள்விட்டம் பள்ளத்தின் அடிவிட்டத்தைவிடச் சற்றே குறைவாக இருக்க வேண்டும்: 21.89 மி.மீ. உள்விட்டமுள்ள வளையம் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல் இழுபட்டு இறுக்கமாக உட்காரும். ஐந்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

2.62, 21.89 என்று அரைகுறையாக ஏன் வருகிறது என்று தோன்றலாம். அவை அங்குலக் கணக்கில் வந்த அளவுகள். வளையத் தடிமன்கள் அந்த வரிசையில் 1.78, 2.62, 3.53, 5.33 மி.மீ. என்று போகும், மெட்ரிக் வரிசையில் 1.5, 2, 2.5, 3 என்று போகும். அங்குலத்தில் வடிவமைத்த பிரிட்டிஷ் எஞ்சினின் பள்ளத்துக்கு, "கிட்டத்தட்ட அதேதான்" என்று மெட்ரிக் வளையத்தைப் போடுவது நம்மூரில் நடக்கும் மிகப் பொதுவான தவறு. கடையில் கேட்கும்போது "இஞ்ச் சைஸ் பெட்டி இருக்கா" என்று தனியாகக் கேட்க வேண்டும்.

அளக்குமுன் பள்ளத்தைத் துடைத்து, விரல் நகத்தால் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும். கடற்காற்று படும் வடசென்னையில் நிறுத்தி வைத்த கார்களில் பள்ளத்தின் அடியில் துருப் புள்ளிகள் இருக்கும். எவ்வளவு நல்ல ரப்பரானாலும் குழிவிழுந்த உலோகத்தின் மேல் அடைக்காது.

ஆயில் சீல்

சுழலும் தண்டைச் சுற்றி உட்காரும் ஆயில் சீல் வேறு பிறவி. உதடு போன்ற ஒரு விளிம்பு தண்டைத் தழுவும். உதட்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங் அதை இறுக்கிப் பிடிக்கும். முகத்தில் 35 52 7 என்பதுபோல் மூன்று எண்கள் இருந்தால் அதிர்ஷ்டம்: முதலாவது தண்டின் விட்டம், இரண்டாவது துளையின் விட்டம், மூன்றாவது அகலம். எண் அழிந்திருந்தால் உதட்டை அளக்காதீர்கள். உதடு தண்டைவிடச் சிறியதாகவே செய்யப்படும். தண்டையும் துளையையும் அளந்தால் போதும். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலை நோக்கியிருக்க வேண்டும். பழைய உதடு தண்டில் கோடு போட்டிருந்தால், இடமிருந்தால் புதிய சீலைச் சற்று உள்ளே தள்ளியோ வெளியே விட்டோ அடித்து, உதடு புதிய தடத்தில் ஓடும்படி செய்யலாம்.

காரின் பெயரை அல்ல, எஞ்சினின் குலத்தைத் தேடுதல்

சில பாகங்கள் கடையில் கிடைக்கும் பொது வடிவத்தில் இருக்காது: டயாபிரம், படிவைத்த புஷ், வளைந்த ஹோஸ் ஆகியவை அப்படி. இவற்றுக்கு எண் வேண்டும். ரப்பரின் மேல் புடைத்திருக்கும் "4" அல்லது "7" போன்ற ஒற்றை எண்ணைப் பார்ட் நம்பர் என்று எழுதிக்கொண்டு அலைகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் அச்சில் எத்தனையாவது குழியிலிருந்து அந்தத் துண்டு வந்தது என்பதைக் காட்டும் எண் மட்டுமே. உண்மையான எண், பாகங்களைப் பிரித்து வரிசையாக வரைந்திருக்கும் பார்ட்ஸ் கேட்டலாக்கில்தான் இருக்கும்.

அம்பாசடர் என்ற பெயரில் தேடினால் கிடைப்பது குறைவு. ஆனால் அந்த 1489 சி.சி. எஞ்சின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி சீரிஸ் என்ற குலத்தைச் சேர்ந்தது, எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரும் முதலில் அதே கொள்ளளவில், அதே குலத்து எஞ்சினுடன்தான் வந்தது. எம்.ஜி. கார்களை இன்றும் உலகெங்கும் வைத்துப் போற்றுகிறார்கள், ஆகவே சிறு வளையம் வரை புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் இது பொருந்தும்: அதன் 948 சி.சி. எஞ்சின் டிரையம்ஃப் ஹெரால்டினுடையது. பிரீமியர் பத்மினிக்கு ஃபியட் 1100. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், பின்னாளில் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய நிறுவனம், தொடக்கத்தில் பொருத்திக் கொடுத்த ஆஸ்டின் ஏ40 யாரிடமாவது இருந்தால், அவரும் தேட வேண்டியது ஆஸ்டினின் எஞ்சின் பெயரைத்தான். ஒரே குலத்திலும் ஆண்டுக்கு ஆண்டு சிறு மாற்றங்கள் உண்டு என்பதால், எஞ்சின் பிளாக்கில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு பிறகு தேடுவது நல்லது.

பிரிக்காத டப்பாவும் புதிய பெட்ரோலும்

"ஒரிஜினல் சார், டப்பா பிரிக்கல, அப்போ வந்த ஸ்டாக்" என்று சொன்னால் மனம் குளிரும். உலோகப் பாகமானால் குளிரலாம். ரப்பர் அலமாரியில் இருந்தாலும் வயதாகும். ஐ.எஸ்.ஓ. 2230 என்ற தரக் குறிப்பு, நன்றாகச் சேமித்து வைத்தாலும் இயற்கை ரப்பருக்கு 5 ஆண்டு, நைட்ரைலுக்கு 7, ஈ.பி.டி.எம்., ஃப்ளோரோ வகைகளுக்கு 10 ஆண்டு என்று தொடக்கச் சேமிப்புக் காலத்தை வகுக்கிறது. நாற்பது ஆண்டு டப்பாவுக்குள் இருப்பது அளவெடுக்க உதவும் நல்ல மாதிரி, மாட்டுவதற்கு அல்ல.

பெட்ரோலும் மாறிவிட்டது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் பங்க்குகளில் வரத் தொடங்கி இன்று பொதுவாகிவிட்டது. பழைய கார்களின் டயாபிரமும் ஹோஸும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் கலவை பழைய வகை ரப்பர்களுள் புகுந்து ஊதச் செய்கிறது. வண்டி நின்று காயும்போது அவை சுருங்கி வெடிக்கின்றன. ஹோஸ் வாங்கும்போது அதன் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 (SAE J30R9) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் உட்புறம் ஃப்ளோரோ ரப்பரால் ஆனது. சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவதை யாரும் சிக்கனம் என்று சொல்ல மாட்டார்கள்.

வாங்கியதைச் சோதிப்பதும், கிடைக்காததைச் செய்விப்பதும்

என்ன ரப்பர் என்று கடைக்காரருக்கே தெரியாவிட்டால், ஒன்று கூடுதலாக வாங்கி, தடிமனை அளந்து குறித்து, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் எஞ்சின் ஆயிலில் ஒரு வாரம் ஊறவைத்து மறுபடி அளக்கலாம். இயற்கை ரப்பரும் ஈ.பி.டி.எம்.மும் கண்ணுக்குத் தெரியவே பருத்துவிடும். நைட்ரைலில் மாற்றம் சிறிதாகவே இருக்கும். சிலர் கொளுத்தி முகர்ந்து பார்க்கச் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். ஃப்ளோரோ ரப்பர் எரிந்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற கொடிய நச்சு வெளிவரும்.

எங்குமே கிடைக்காத புஷ் அல்லது படிவைத்த வளையத்தை ரப்பர் மோல்டிங் பட்டறையில் செய்விக்கலாம். "இதே மாதிரி" என்று சொன்னால் அங்கேயும் பழைய கதைதான். மூன்றைச் சொல்ல வேண்டும்: உலோகத்திலிருந்து எடுத்த அளவு, ரப்பர் வகை, கடினம். கடினத்தை ஷோர் ஏ என்ற 0 முதல் 100 வரையிலான அளவுகோலில் சொல்வார்கள். பென்சில் அழிப்பான் சுமார் 40, ஓ ரிங் பெரும்பாலும் 70. சூட்டில் வார்த்த ரப்பர் ஆறும்போது ஓரிரு விழுக்காடு சுருங்கும் என்பதால் அச்சை அதற்கேற்பப் பெரிதாக வெட்ட வேண்டும். அனுபவமுள்ள பட்டறைக்காரர் கேட்காமலேயே இதைச் செய்வார். அச்சுக் கூலிதான் செலவு. ஆகவே ஒரே எஞ்சினுள்ள நாலைந்து பேர் சேர்ந்து ஐம்பது துண்டுகள் போட்டுக்கொள்வது வழக்கம்.

என் எட்டு வளையங்களுக்கு அச்சு தேவைப்படவில்லை. இம்முறை வால்வு தண்டின் விட்டத்தையும் அதன் மேல் கவிழும் ஸ்பிரிங் தொப்பியின் உள்வாயையும் அளந்துகொண்டு, "எஞ்சின் ஆயிலுக்கு, ஹெட்டு சூட்டுக்கு, விட்டான்" என்று கேட்டேன். பாய் அவற்றைப் புதிய ஆயிலில் ஊறப்போட்டார். மாட்டும்போது பலர் வளையத்தைத் தண்டில் முதலில் போட்டுவிட்டுத் தொப்பியை அதன்மேல் அழுத்துவார்கள். அப்போது வளையம் நகர்ந்தோ அறுந்தோ போகும். அவர் முதலில் ஸ்பிரிங்கையும் தொப்பியையும் கருவியால் அழுத்திப் பிடித்தார். பிறகு வளையத்தைத் தண்டின் நுனிவழியே இறக்கி, தொப்பியைத் தண்டோடு பிடித்துவைக்கும் பூட்டுக்கட்டை உட்காரும் பள்ளத்துக்குச் சற்றுக் கீழே விரலால் நிறுத்தினார். பூட்டுக்கட்டைகளை வைத்து, கருவியை மெல்லத் தளர்த்தினார். எட்டாவது முடிந்ததும், மிச்சமிருந்த ஒரு வளையத்தைக் கடுகு டப்பா போன்ற ஒரு சின்ன டப்பாவில் போட்டு, மூடிமேல் அளவையும் வாங்கிய ஆண்டையும் ஆணியால் கீறி அலமாரியில் வைத்தார்.